இரண்டு கிராம் கைரல் மாஃப்: 64,000 ரூபாய்க்கு வாங்கிய பொடி எப்படி இருக்கிறது?

நான்கு மாதம் புழங்கிப் பார்த்த பிறகு எழுதுகிறேன். பொட்டலம் வந்த வாரமே எழுதியிருந்தால் ஒரு ஸ்டார், இரண்டாவது மாதம் எழுதியிருந்தால் ஐந்து ஸ்டார், இப்போது மூன்றரை. ஏன் இப்படி ஏறி இறங்கியது என்பதைச் சொல்லத்தான் இத்தனை நீளம்.

வாங்கியது ஒரு வினையூக்கிப் பொடி, 2 கிராம்; ஒரு மூலக்கூறின் இடது கை, வலது கை வடிவங்களில் ஒன்றை மட்டும் அதிகமாக வரவைப்பது இதன் வேலை, அந்தக் கை உள்ள தன்மையைத்தான் கைரல் என்போம். வெளிர் மஞ்சள் நிறம், மைதாவைவிட நைஸ், அம்பர் குப்பியில் போட்டு மூடியைச் சுற்றி பாராஃபிலிம் ஒட்டி, வெளியே சிலிக்கா ஜெல் பையுடன் அலுமினிய உறை. விலை 64,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. சென்னையிலேயே ஒரு சின்ன கம்பெனி ஆர்டரின் பேரில் செய்து தருகிறது. பெயர் போடவில்லை, ஏனென்று போகப் போகத் தெரியும். நான் ஆலத்தூர் பக்கம் ஒரு சிறிய ஒப்பந்த ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன், மருந்து கம்பெனிகளுக்கு இடைநிலைப் பொருள்களைக் கிராம் கணக்கில் செய்து கொடுப்பது எங்கள் வேலை. அதில் பாதி நாள் இடது கையையும் வலது கையையும் பிரிப்பதிலேயே போய்விடும்.

இந்தக் கை விவகாரம் தெரியாதவர்களுக்கு என் வழக்கமான உதாரணம் புதினாவும் சதகுப்பையும். மயிலாப்பூர் கச்சேரி சாலை நாட்டு மருந்துக் கடையில் சதகுப்பை வாங்கி நசுக்கி முகர்ந்து பாருங்கள், பக்கத்திலேயே ஒரு கொத்து புதினாவையும் கசக்கிப் பாருங்கள். இரண்டு வாசனைக்கும் பெரிய பங்கு கார்வோன் என்ற ஒரே மூலக்கூறுடையது. அணுக்கள் அதே, இணைப்பு அதே, ஆனால் ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பம். மூக்கே இவ்வளவு கறாராகப் பிரித்துப் பார்க்கிறது என்றால் உடம்புக்குள் போகும் மாத்திரையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சாதாரணமாகச் செய்தால் இரண்டு கையும் சரிபாதி வரும். ஒரு கையை மட்டும் அதிகமாக வரவைக்க, வினையூக்கிக்கே ஒரு கை இருக்க வேண்டும்.

அமில வினையூக்கியில் அப்படிக் கை உள்ள சாதி ஒன்று 2004 முதல் பிரபலம், பைனால் பாஸ்போரிக் அமிலங்கள். ஜப்பானில் அகியாமாவும் தெராதாவும் தனித்தனியாக அதே ஆண்டில் வெளியிட்டார்கள், அடுத்த ஆண்டு ஜெர்மனியில் பெஞ்சமின் லிஸ்ட் குழுவிலிருந்து ட்ரிப் என்று நாங்கள் கூப்பிடும் பருத்த வடிவம் வந்தது. அருமையான சரக்கு, குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் கரைசலில் கரைந்துவிடும். வேலை முடிந்ததும் சிலிக்கா நிரப்பிய பிரிக்கும் குழாயில் (column, நாங்கள் காலம் என்போம்) ஓட்டித்தான் மீட்க வேண்டும், பாதி போய்விடும், வாடிக்கையாளர் அவசரப்படுத்தும் வாரத்தில் மீதியும் கழிவுக் கேனுக்குள் போகும். திட அமிலம் என்றால் வடிகட்டினால் போதும். மணலி சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயின் கனமான பகுதியை உடைக்கும் ஜியோலைட்டும் திட அமிலம்தான், பல ஆய்வகங்களில் கிடக்கும் ஆம்பர்லிஸ்ட் ரெசின் மணிகளும் அப்படித்தான். அவற்றுக்கு வேகம் தெரியும், இடது வலது தெரியாது.

இரண்டையும் ஒட்டுவதுதான் நான் வாங்கிய பொடி. பைனால் பாஸ்போரிக் அமிலத்தின் ஓரங்களில் கார்பாக்சிலிக் அமிலக் கைகளை வைத்து, அவற்றை ஸிர்கோனியம் ஆக்சைடு முடிச்சுகளோடு கோத்தால் துளைகள் நிறைந்த படிகச் சட்டகம் ஒன்று வளரும். இந்த வகைச் சட்டகங்களை ஆய்வகத்தில் மாஃப் என்போம். கூலக்கடை சாக்குபோல அல்ல, தேன்கூடுபோல: ஒவ்வொரு அறைச் சுவரிலும் ஒரு அமிலம், எல்லா அமிலமும் ஒரே கை.

கம்பெனியின் வண்ண அட்டையில் இரண்டு நோபல் பதக்கம் போட்டிருந்தார்கள். 2021-இல் சமச்சீரற்ற கரிம வினையூக்கத்துக்காக லிஸ்டும் மெக்மில்லனும் வாங்கியது ஒன்று, 2025-இல் மாஃபுக்காக கிதகாவா, ராப்சன், யாகி மூவரும் வாங்கியது இன்னொன்று. இரண்டும் உண்மை, இரண்டையும் கூட்டினால் நம் குப்பிக்குள் இருக்கும் பொடி தானாக நல்லதாகிவிடாது என்பதும் உண்மை. அட்டையில் போடாத கதை ஒன்றைச் சொல்கிறேன். கை உள்ள மாஃபை வைத்து சமச்சீரற்ற வினை செய்து காட்டிய பிரபலமான ஆரம்ப முயற்சி 2000-இல் கொரியாவின் கிமூன் கிம் குழுவுடையது, டார்டாரிக் அமிலத்திலிருந்து செய்த துத்தநாகச் சட்டகம். கிடைத்த ஈ.ஈ. (ஒரு கை மறு கையைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்ற கணக்கு) சுமார் 8 சதவீதம். அதாவது நூற்றுக்கு 54 ஒரு கை, 46 மறு கை. பேப்பருக்குப் போதும், பாட்டிலுக்கு ஆகாது. 2005-இல் வென்பின் லின் குழு பைனால் சட்டகத்தில் டைட்டானியம் ஏற்றி 93 வரை கொண்டுபோனபோதுதான் இது நிஜமாகவே உருப்படும் போலிருக்கிறதே என்று பலருக்குத் தோன்றியது.

சரி, எங்கள் சோதனைக்கு வருகிறேன். இண்டோல், ஒரு சல்ஃபோனைல் இமின் என்று இரண்டு மூலப்பொருள்கள், டொலுவீன் கரைப்பானில், பூஜ்யம் டிகிரியில். ஃப்ரீடல் கிராஃப்ட்ஸ் வகை, இந்தப் பாஸ்போரிக் அமிலங்களுக்குப் பழகிய வினை. ஒப்பிட்டுப் பார்க்கக் கரையும் ட்ரிப்பை வைத்து ஒன்று ஓட்டினோம், 92 ஈ.ஈ. வந்தது. பிறகு புதுக் குப்பியைத் திறந்து, அட்டையில் சொன்னபடி 80 டிகிரியில் வெற்றிடத்தில் ராத்திரி முழுக்க உலர்த்தி, மறுநாள் போட்டோம். மாலைக்குள் முடிய வேண்டியது மூன்றாவது நாள் காலையிலும் முடியவில்லை. இரண்டு கையையும் பிரித்து அளக்கும் கைரல் காலத்தில் ஏற்றிப் பார்த்தால் 58. அட்டையில் 88 என்று போட்டிருந்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றே ஒரு ஸ்டார் போட்டிருப்பேன். எங்கள் மேனேஜர் வேறு, "லோக்கல்ல வாங்காதீங்கன்னு சொன்னேன்ல" என்று ஆரம்பித்துவிட்டார்.

58 என்பதைவிட, வேகம் குறைந்ததுதான் என்னை உறுத்தியது. இந்த வினை வினையூக்கி இல்லாமலே மெதுவாக நடக்கும், அப்படி நடப்பது கை பார்க்காமல் நடக்கும். வினையூக்கி சுறுசுறுப்பாக இருந்தால் அது முந்திக்கொள்ளும், சோம்பினால் கையில்லாத வினை ஊர்ந்து வந்து பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே ஈ.ஈ. விழுந்ததற்குக் காரணம் பொடியின் கை கெட்டுப்போனதாக இருக்கத் தேவையில்லை, பொடி தூங்குவதாகவும் இருக்கலாம். ஏன் தூங்குகிறது?

கம்பெனிக்கு போன் போட்டேன். எடுத்தவர் செய்தவரேதான், பிஎச்டி முடித்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. சண்டைக்குத் தயாராக இருந்த என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "மேடம், எக்ஸ்ஆர்டி பாத்தீங்களா?" படிக அமைப்பை எக்ஸ்ரேயால் பார்க்கும் சோதனை அது. பார்த்தோம், படிகம் நன்றாகத்தான் இருக்கிறது. "அப்ப கால்சியம் பாத்தீங்களா?" என்றார். நான் ஒரு நொடி பேசவில்லை. அந்தக் கேள்வியை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இது பழைய பாடம். 2010-இல் நகோயா பல்கலைக்கழகக் குழு ஒன்று, வேலை செய்வது பாஸ்போரிக் அமிலமா அல்லது அதன் கால்சியம் உப்பா என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு கட்டுரை போட்டது. சிலிக்கா காலத்தில் சுத்தம் செய்யும்போது இந்த அமிலங்கள் சத்தமில்லாமல் கால்சியம் போன்ற உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும், கடைசியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவாவிட்டால் நீங்கள் அமிலம் என்று நினைத்துப் போடுவது உப்பாக இருக்கும். கரையும் வகையில் நாங்கள் எல்லோரும் கழுவுகிறோம். பொடி வகையில் அப்படியே நம்பிப் போட்டுவிட்டோம்.

மாதிரியை ஐஐடி வளாகத்துக்கு, உலோக அளவைக் காட்டும் ஐசிபி பரிசோதனைக்குக் கொடுத்தோம். இருந்தது, கால்சியம். சும்மா ஒட்டிக்கொண்டிருந்த அளவு இல்லை, கிட்டத்தட்ட பாதி அமில இடங்களை அடைக்கும் அளவு.

எங்கிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை. அவர் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு ஒப்புக்கொண்டார்: அந்த பேட்ச் செய்த வாரம் அவர்களுடைய டிஎம் பிளாண்ட் (தண்ணீரிலிருந்து உப்புகளை நீக்கும் கருவி) ரிப்பேர், பையன் கடைசிக் கழுவலைக் குழாய்த் தண்ணீரில் செய்துவிட்டான், குழாயில் வருவது போர் தண்ணீர். சென்னைப் புறநகர் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஷவர் தலையைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளையாகப் படிந்திருக்கும். எங்கள் அபார்ட்மெண்டில் மொட்டை மாடியில் சாஃப்ட்னர் ஒன்று நிற்கிறது, அதற்குள் இருக்கும் ரெசினும் செய்வது இதே வேலைதான்: திடப்பொருளில் நட்ட அமிலக் குழுக்கள் தண்ணீரிலிருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் 64,000 கொடுத்து வாங்கிய கைரல் வினையூக்கியை அவர்கள் ஒரு குடம் தண்ணீரை மென்மையாக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அவரைப் பாராட்ட வேண்டியதும் இங்கேதான். மழுப்பவில்லை. மாற்றித் தருகிறேன் என்றார், புது பேட்ச் வர ஐந்து வாரம் ஆகும் என்றார், அதற்குள் அவசரம் என்றால் நீங்களே கழுவலாம் என்று முறையும் எழுதி அனுப்பினார். நீர்த்த அமிலம், சின்னச் சின்ன பங்குகளாக, ஒவ்வொரு முறையும் சென்ட்ரிஃபியூஜ், பிறகு டிஎம் தண்ணீர், பிறகு அசிட்டோன், கடைசியில் டைகுளோரோமீத்தேன், உலர்த்தல். ஸிர்கோனியம் சட்டகம் என்பதால்தான் இது சாத்தியம், நீர்த்த அமிலத்தைத் தாங்கும். துத்தநாகத்தில் கட்டிய பல சட்டகங்களை இப்படிக் கழுவினால் சாக்கடையில் தேட வேண்டியதுதான். நான் முதலில் 50 மில்லிகிராமில் மட்டும் செய்து பார்த்து, எக்ஸ்ஆர்டி சரியாக இருந்த பிறகே மீதியைத் தொட்டேன்.

கழுவிய பொடி: ஐந்து மணி நேரத்தில் வினை முடிந்தது, ஈ.ஈ. 86. அதாவது 93-க்கு 7.

ஐந்து ஸ்டார் மாதம் இதுதான். வடிகட்டி, கழுவி, மறுபடி போட்டு, மறுபடி வடிகட்டி ஐந்து தடவை ஓட்டினோம், ஐந்தாவது தடவையும் 84. பாதி வினையில் பொடியை வடித்துவிட்டுத் தெளிந்த திரவத்தை மட்டும் ஓடவிட்டோம், வேகம் கையில்லாத பின்னணி வேகத்துக்கு இறங்கிவிட்டது, எனவே அமிலம் கரைந்து வெளியே வந்து வேலை செய்யவில்லை. திட வினையூக்கி விற்கும் எவரிடமும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் சோதனை இது, அட்டையில் இது இல்லாவிட்டால் வாங்கவே வாங்காதீர்கள். அப்புறம் எனக்குப் பிடித்த சோதனை: இமினின் வாலில் பெரிய கிளைத்த குழுவை வைத்து அதே வினையைச் செய்தோம். கரையும் ட்ரிப் அதையும் விழுங்கியது, பொடி கிட்டத்தட்ட தொடவே இல்லை. அப்படியென்றால் வேலை நடப்பது துளைக்குள்ளேதான், மேல்தோலில் இல்லை. நல்ல செய்திதான், ஆனால் உங்கள் மூலக்கூறு குண்டாக இருந்தால் இந்தப் பொடி உங்களுக்கு இல்லை என்பதும் அதே செய்தி.

86 ஏன் 92 ஆகவில்லை என்று அவரிடமே கேட்டேன், அட்டையில் 88 என்றாலும் கரையும் வகையை எட்டவில்லையே என்று. அவர் சொன்ன பதில்: ஸிர்கோனியம் சட்டகங்களில் ஆங்காங்கே முடிச்சுகளைக் கோக்கும் ஒரு இணைப்பி விடுபட்டுப் போவது சகஜம், அந்தக் காலி இடத்தில் ஸிர்கோனியம் வெளியே தெரியும், அதுவும் ஒரு அமிலம், ஆனால் கையில்லாத அமிலம். ஒவ்வொரு ஓட்டை இணைப்பும் ஈ.ஈ.-யிலிருந்து கொஞ்சம் திருடும். குறையைத் தானே சொல்லும் வியாபாரி அபூர்வம், அதற்கு அரை ஸ்டார் சேர்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை, இது எங்களுக்கு நடக்கவில்லை, ஆனால் நடக்கக்கூடியது. கரையும் வடிவத்தில் எந்தக் கை வருகிறதோ அதே கைதான் பொடியிலும் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2012-இல் லின் குழு இதேபோன்ற பாஸ்போரிக் அமிலச் சட்டகத்தில் இண்டோலையும் இமினையும் ஓட்டியபோது, கரையும் வடிவம் தரும் கைக்கு நேர் எதிர்க் கை அதிகமாக வந்தது. துளைச் சுவர்கள் மூலக்கூறைத் திருப்பி உட்காரவைத்துவிட்டன. எங்களுக்குத் திசை மாறவில்லை. ஆனாலும் முதல் ஓட்டத்தில் எந்த பீக் எந்தக் கை என்று தெரிந்த மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் பார்த்தேன்.

இனி இறங்கிய கதை. ஆர்டர் பெரிதானதும் ஃப்ளோவில் ஓட்டலாம் என்று ஆசைப்பட்டோம், திட வினையூக்கி வாங்குவதன் சுகமே அதுதானே, குழாயில் அடைத்துவிட்டு ஒரு முனையில் ஊற்றி மறுமுனையில் பிடிப்பது. பத்து சென்டிமீட்டர் ஸ்டீல் குழாயில் வெறும் பொடியை அடைத்தோம். அரை மணி நேரத்தில் பம்ப் அலறி நின்றுவிட்டது. பொடி அவ்வளவு நைஸ், களிமண்போல இறுகிவிடுகிறது. செலைட் என்ற வடிகட்டும் பொடியுடன் கலந்து அடைத்தபோது ஓடியது, 82 ஈ.ஈ., ஆனால் மூன்றாம் நாளிலிருந்து அழுத்தம் ஏறிக்கொண்டே போனது, மறுமுனை ஃபிரிட் வடிகட்டியில் மஞ்சள் சேறு. கம்பெனி இதைக் குருணையாகச் செய்து தருவதில்லை. அட்டையில் மட்டும் "ஃப்ளோவுக்கு ஏற்றது" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. இதற்கு ஒரு ஸ்டார் வெட்டு, தயங்காமல்.

வடிகட்டுவதும் அட்டை சொல்வதுபோல அவ்வளவு சுலபம் இல்லை. சாதாரண வாட்மேன் தாளில் பாதி கீழே இறங்கிவிடும். சென்ட்ரிஃபியூஜ் இல்லாத ஆய்வகம் என்றால் யோசித்து வாங்குங்கள். இரண்டு கிராமில் இப்போது என்னிடம் மிச்சம் 1.3, மீதி தாளிலும், ஸ்பாட்டுலாவிலும், அந்தக் குழாயிலும்.

மேற்பரப்பளவு பற்றியும் சொல்ல வேண்டும். சான்றிதழில் கிராமுக்கு 1,450 சதுர மீட்டர் என்றிருந்தது, தெரிந்த பேராசிரியர் ஒருவரின் ஆய்வகத்தில் அளந்தபோது வந்தபடியே 900. துளைக்குள் டிஎம்எஃப் என்ற கரைப்பான் தங்கியிருந்தது, அது லேசில் போகாது, வேறு கரைப்பானால் பல முறை மாற்றித்தான் எடுக்க வேண்டும். கழுவி உலர்த்திய பிறகு 1,380. இதுவே போதும். இந்த எண்ணை வைத்துப் பெருமை பேசுபவர்களுக்காக ஒன்று: 2012-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு மாஃபுக்குக் கிராமுக்கு 7,140 சதுர மீட்டர், 105-க்கு 68 மீட்டர் கால்பந்து மைதானம் சரியாக அதே அளவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இண்டோலுக்கு மைதானம் வேண்டாம், சரியான மூலையில் ஒரு அமிலம் போதும்.

இன்னொரு உள்ளூர்ச் சிக்கல், நவம்பர். மழை மாதத்தில் குப்பியை நான்கு தடவை திறந்து மூடினாலே பொடி ஈரத்தைக் குடித்துவிடுகிறது, சட்டகம் உடையவில்லை, ஆனால் தண்ணீர் அமில இடத்தில் உட்கார்ந்துகொண்டு இமினையும் கெடுக்கிறது. உலர்த்தாமல் அவசரத்துக்குப் போட்ட ஒரு ஓட்டம் 71-இல் நின்றது. இப்போது 100 மில்லிகிராம் வீதம் சின்னக் குப்பிகளில் பிரித்து டெசிகேட்டரில் வைத்திருக்கிறேன். கம்பெனியே அப்படிப் பிரித்துக் கொடுத்தால் குப்பிக்கு நூறு ரூபாய் அதிகம் கொடுக்கவும் தயார், சொல்லியிருக்கிறேன்.

யார் வாங்கலாம்? ஒரே வினையைத் திரும்பத் திரும்ப ஓட்டுபவர்கள், மூலக்கூறு ஒல்லியாக உள்ளவர்கள், சென்ட்ரிஃபியூஜும் கைரல் காலமும் கைவசம் உள்ளவர்கள். என் கணக்கில் ஏழெட்டு தடவை திரும்பப் பயன்படுத்தினால்தான் கரையும் ட்ரிப்பைவிட மலிவு. எட்டாவது தடவைக்குப் பிறகு எக்ஸ்ஆர்டி பீக்குகள் அகலமாகத் தொடங்கின (படிகம் குலைவதன் அடையாளம்), ஈ.ஈ. 79. ஒரே ஒரு தடவை ஒரு மூலக்கூறைச் செய்து பேப்பர் போட வேண்டிய மாணவர்கள் இதன் பக்கம் வராதீர்கள், நூறு மில்லிகிராம் ட்ரிப் வாங்கி, அமிலத்தால் கழுவி, நிம்மதியாகப் போடுங்கள்.

மாற்று பேட்ச் சொன்ன ஐந்து வாரத்தில் வரவில்லை, ஏழு வாரம் ஆனது. ஆனால் காசு கேட்கவில்லை, கூடவே கால்சியம், சோடியம் இரண்டுக்கும் ஐசிபி ரிப்போர்ட் வைத்திருந்தார்கள். பிரித்து ஓட்டிப் பார்த்தேன், கழுவாமலே 87.

அடுத்த ஆர்டர் போன வாரம் கொடுத்தேன், ஒரு கிராம் மட்டும். பர்ச்சேஸ் ஆர்டரில் கடைசி வரியாக "கடைசிக் கழுவல் டிஎம் தண்ணீரில்" என்று எழுதினேன். அக்கவுண்ட்ஸ் அக்கா போன் பண்ணி, "இது என்ன, துணி துவைக்கப் போடுறீங்களா?" என்று கேட்டார்.